மொட்டை மாடியில் ஒரு முனை

"விட்டுடாதே!" என்று அடுக்குமாடிக் கட்டிடத்தின் குழாய்கள் இறங்கும் ஷாஃப்டுக்குள் தலையை நீட்டிக் கத்தினார் கேபிள்காரர்.

"விடலை. அஞ்சு நிமிஷம்னுதானே சொன்னீங்க?" பத்தாவது மாடிக்கும் மேலிருந்து மனைவியின் குரல் மிதந்து இறங்கியது.

அவள் மொட்டை மாடியில் கேபிளின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் துணிப்பெட்டி. "வாயே திறக்காத மனுஷனோட எத்தனை நாள்தான் இருக்கிறது? அக்கா வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் பஸ்" என்று வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவளைத்தான், உதவியாள் வராத அவசரத்தில் மேலே நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். இவ்வளவு உயரத்திலிருந்து தொங்கும் கேபிளை மேலே தாங்கிப் பிடிக்காவிட்டால் தன் கனத்தாலேயே இழுபட்டுப் பாழாகும். அதற்கென்று கம்பிவலை உறை ஒன்று உண்டு. கேபிளுக்கு மாட்டிக் கொக்கியில் தொங்கவிட்டால், கனம் இழுக்க இழுக்க நோகாமல் கவ்விக்கொள்ளும். பையைத் துழாவினார். உறையைக் காணோம். வீட்டிலேயே விட்டுவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, மாடிக்கு மாடி கட்டிவிடலாம். முதல் மாடியில் இறுக்கிக் கட்டினார். கேபிள் நசுங்கி, மீட்டரில் சிக்னல் படுத்துவிட்டது. கட்டை அறுத்தார், கேபிள் சர்ரென்று ஒரு முழம் கீழே வந்தது.

"ஐயோ, என் கை!"

"வலிக்குதா?"

"வலிக்காம? தூக்கம் வேற வருது. தூங்கினா விட்டுடுவேன். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

பேசுவதா! கல்யாணமானதிலிருந்து அவர் வீட்டில் செலவழித்த சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் வாளியோடு வந்து, "வழி விடுங்கண்ணே" என்று அவரைத் தாண்டி மேலே போனார். அந்த ஆள் மறையும்வரை காத்திருந்து கேபிள்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நேத்து ஒரு கனவு. மேகத்துலேர்ந்து கேபிள் இறக்கறேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. கீழே பார்த்தா நீ, மஞ்சள் குடையோட."

"அந்தக் குடை ஞாபகம் இருக்கா?"

"அதைப் பார்த்துட்டுதானே உன்னைப் பெண் கேட்டு வந்தேன்."

நாலாம் மாடிக் குளியலறை ஜன்னல் மெல்லத் திறந்தது. பிறகு ஆறாம் மாடி ஜன்னல். சாய்ந்த வெயில் ஷாஃப்டுக்குள் மஞ்சளாக இறங்கி, கேபிள் அதில் சோம்பலாக அசைந்தது. அவருக்கு எது கனவு, எது வேலை என்றே புரியவில்லை. இந்த முறை நசுங்காமல் தளர்வாகக் கட்டிக்கொண்டே ஏறியவர், பேச்சு சுவாரசியத்தில் எட்டாம் மாடியில் தன் சட்டைக் கையையும் கேபிளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அதை அவிழ்த்தால் ஏழாம் மாடிக் கட்டு நழுவியது. மறுபடி இறங்கினார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. நீ சமையல்கட்டுல பாடுவியே, அதைக் கேக்கத்தான் தினமும் கதவுக்கு வெளியே நின்னுட்டு உள்ளே வருவேன்."

"இதையெல்லாம் ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"பக்கத்துல இருந்தா நாக்கு ஒட்டிக்குது."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டுத் தேய்ந்தது. பாவம், கேபிளை விட முடியாமல் மாட்டிக்கொண்டாளே என்று மனம் உறுத்தியது. போகவில்லையே என்று அதே மனம் துள்ளிக் குதித்தது.

பத்தாம் மாடிப் படிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, தொட்டி கழுவுகிறவர் காலி வாளியோடு இறங்கிவந்தார்.

"கொஞ்சம் வாங்க, அவ கை விட்டுப்போயிருக்கும். கேபிளை நீங்க பிடிங்க!"

"எதைப் பிடிக்கிறது? நீங்க மேலயே வெச்சுட்டுப் போன கம்பிவலை உறையை மாட்டி அண்ணி கேபிளை எப்பவோ கொக்கியில தொங்கவிட்டாச்சு. பெட்டி மேல உக்காந்து நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டிருக்காங்க. நானே பாதியில எழுந்து வர மனசில்லாம ஒரே தொட்டியை ரெண்டு தடவை கழுவிட்டேன்!"