கன்னிமூலையில் ஒரு வெந்நீர்க் குளம்

எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர்களிலேயே முருகப்பெருமானைத் தவிர வேறு எதற்கும் பயப்படாத மனிதர் பாய்லர்காரர்தான். முருகனுக்காவது பயந்தாரா என்று கேட்டால், நான் கோயிலுக்குப் போகிறவள், பொய் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாது.

சோமனூர்ப் பக்கம் சின்னதாக ஒரு சைசிங் மில் வைத்திருந்தவர். தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மில். முதலாளியும் அவரே, பாய்லர் முன்னால் நின்று நெருப்புப் போடுகிறவரும் அவரே. மில்லை விற்றுவிட்டு எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார். அவருடைய நிஜப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சம்சாரம் சரசக்கா புருஷன் பேரைச் சொல்லமாட்டார். "ஏனுங்க" என்பதோடு சரி.

பாய்லர்காரருக்கு ஆள்காட்டி விரல்தான் தெர்மாமீட்டர். ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையில் ஊற்றிய ரசத்தில் விரலை வைத்து, "எழுவத்திரண்டு டிகிரி" என்றார். பரிமாறியவர் வாளியோடு அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டார். என் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டு, "நூத்திரெண்டுங் அம்மணி, மாத்திரை குடுங்க" என்றார். டாக்டர் கருவி வைத்துப் பார்த்தார். நூற்றிரண்டேதான். அந்த விரலைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

இப்படி இருக்கையில் சரசக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கை சரியாயிற்று, இடது கால் சரியாகவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டாக்டர், "வெதுவெதுப்பான தண்ணியில இடுப்பளவு நின்னு நடந்து பழகினா கால் வரும். ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சிரோணும். பச்சத்தண்ணி மட்டும் ஆகாது, கால் வெறைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டார்.

பாய்லர்காரர் ஒரு பெரிய ஓட்டலின் நீச்சல் குளத்தில் போய் விசாரித்தார். சேலையோடு இறங்கக்கூடாதாம். உடம்போடு ஒட்டுகிற நைலான் உடுப்புத்தான் போட வேண்டுமாம். சரசக்கா சக்கர நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிட்டார்: "அதப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னால நடக்கறதுக்கு, நான் நடக்காமயே இருந்துக்கறனுங்."

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் பொக்லைன் வந்து நின்றது. நான் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரிய பள்ளம்.

"ஏனுங்ணா, கெணறா வெட்டறீங்க?"

"நீச்சக்குளமுங் அம்மணி."

"ஐயோ முருகா! அது கன்னிமூலைங்ணா!"

தென்மேற்கு மூலையில் பள்ளம் தோண்டினால் வீட்டு ஆம்பளையின் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

"படுக்கற ரூமு இங்கதானுங் இருக்குது. நாற்காலிய நேரா தள்ளிக்கிட்டு வந்து எறக்கீரலாம்" என்றார் அவர்.

"அதுக்கில்லீங்ணா. ஊட்டுக்காரருக்கு ஆகாதுங்."

"ஊட்டுக்காரன் நாந்தானுங்களே? அவளுக்கு ஆகுமில்ல? சித்த தள்ளி நில்லுங் அம்மணி, மண்ணு தெறிக்கும்."

நான் கல்லை விட்டு இறங்கிவிட்டேன். என் ஐம்பத்தெட்டு வயதில் வாஸ்துவுக்கு இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. அன்று சாமி விளக்கு ஏற்றும்போது திரி இரண்டு தடவை எண்ணெயில் விழுந்தது.

குளம் ஆயிற்று. இருபதடி நீளம், இடுப்பளவு ஆழம், பிடித்துக்கொண்டு இறங்கக் கம்பி வைத்த படி. குடிக்கிற சிறுவாணித் தண்ணீரை இதில் விட்டால் பாவம் என்று போர்வெல் தண்ணீரை நிரப்பினார். இனி அதைச் சுடவைக்க வேண்டும். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது.

முதலில் சோலார்காரர் வந்தார். மொட்டை மாடி முழுக்கத் தகடு மாட்டிவிடலாம் என்றார்.

"ஆடி மாசம் மேகம் மூடிக்கிட்டா?"

"ரெண்டு நாள் தண்ணி கொஞ்சம் ஆறுமுங்க சார்."

"அவ காலுக்கு அது தெரியுமுங்களா?"

சோலார்காரர் போய்விட்டார். கேஸ் அடுப்பு வைக்கலாம் என்று வந்தவரிடம், எத்தனை சிலிண்டர் ஆகும் என்று கேட்டுவிட்டு, "தெருவே பட்டினி கெடக்கோணுமாட்ட இருக்குது" என்று கும்பிட்டு அனுப்பினார். மூன்றாவதாக ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்தாள். ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறதாம். ஏசிக்கு வெளியே மாட்டுவார்களே, அந்த மாதிரிப் பெட்டி. காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்குமாம்.

"நெருப்பே இல்லாமயா?"

"ஆமாங் சார், கரண்டுலதான்."

"கண்ணு, நான் முப்பது வருசம் நெருப்போட குடும்பம் நடத்தினவன். எங்கிட்டயேவா?"

ஆனாலும் மரியாதைக்குக் காப்பி கொடுத்தார். தன் கணக்குக்குக் கொதிக்கக் கொதிக்க. அந்தப் பொண்ணு அது ஆறுவதற்காக அரைமணி நேரம் தம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் காலையில் எங்கள் வீட்டுக்காரர் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். "தெருவுக்குள்ள ரயில் எஞ்சின் வருது" என்றார். லாரியில் வந்தது சோமனூர் மில்லோடு விற்காமல் அவர் நிறுத்திவைத்திருந்த பழைய பாய்லர். பின்னாலேயே கிரேன். அதற்கும் பின்னால் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு வண்டி தேங்காய் மட்டை, எரிப்பதற்கு.

அதைப் பற்றவைத்த நாளை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். கிருத்திகை. குளித்து, ஈரத் தலையோடு பூஜை அறையில் கண்ணை மூடி நிற்கிறேன். திறந்தால் அறை முழுக்க வெள்ளைப் புகை. முருகன் படம் தெரியவில்லை. "அப்பனே, வந்துட்டியா!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டேன். தரையில் கிடக்கும்போதுதான் தேங்காய் மட்டை வாசம் மூக்கில் ஏறியது.

துவைக்கிற கல்லுக்கு ஓடினேன். பாய்லரிலிருந்து ஒரு குழாய் நேராகக் குளத்துக்குள் போய், ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது. குளத்தின் மேல் சாய்ந்திருந்த என் முருங்கைக் கிளை வதங்கித் தொங்கியது. உப்புப் போட்டு இறக்க வேண்டியதுதான் பாக்கி. பாய்லர்காரர் நிதானமாகக் குனிந்து விரலை வைத்தார்.

"அறுவத்தெட்டு."

சக்கர நாற்காலியில் இருந்து சரசக்கா கத்தினார்: "ஏனுங்க! என்னைய நடக்க வெக்கச் சொன்னாங்களா, அவிச்சு எடுக்கச் சொன்னாங்களா?"

பாய்லர்காரர் ஆறவிட்டுப் பார்த்தார். மேலே சுட்டது, அடியில் ஜில்லென்று இருந்தது. தென்னை மட்டையால் நாளெல்லாம் கலக்கினார். பொழுது சாய்வதற்குள் மொத்தமும் பச்சைத் தண்ணீர். மறுநாள் மறுபடி நெருப்பு, மறுபடி கலக்கல். இப்படியே நாள் போனது. டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் நான்கு முடிந்து, ஐந்தாவதும் பாதி ஓடிவிட்டது.

ஒரு நாள் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தால், பாய்லருக்குத் திருநீறு பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காத சாமி. கஞ்சி காச்ச உன்னைய மிஞ்ச ஆளில்ல. இவளுக்கு வேண்டியது பொறுமையான சூடு. அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பிறகு போனை எடுத்து, "கண்ணு, அந்தப் பொட்டியக் கொண்டாங்க" என்றார். நெருப்புக்காரர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததைக் கேட்டு, ஆவியில் வெந்த முருங்கைகூட நிமிர்ந்திருக்கும்.

பெட்டி மூன்று நாள் முணுமுணுத்தது. நான்காம் நாள் காலை சரசக்கா ஆள் அனுப்பினார். பக்கத்து வீட்டு அம்மணியும் கூட இறங்கினால்தான் தானும் இறங்குவாராம். பேரூர்ப் படித்துறையில் மூன்று முழுக்குப் போட்டதோடு சரி, நீச்சல் குளத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? முருகனைக் கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

படியோரம் சரசக்கா தயாராக இருந்தார். பாய்லர்காரர் குனிந்து விரலைத் தண்ணீரில் வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். அவர் எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எத்தனைங்க?" என்றார் சரசக்கா.

பாய்லர்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தெரியலீங் அம்மணி. வெரலு நடுங்குது. ஒண்ணுமே தெரியல."

நான் முழங்கையை மடக்கித் தண்ணீரில் வைத்தேன். இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிய முழங்கை அது.

"பச்சக் கொழந்தைக்கு ஊத்தற பதமுங்ணா. எறக்குங்க."

சரசக்கா என் தோளைப் பிடித்தார். முதல் அடிக்கு அந்தக் கால் வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. மூன்றாவதற்குத் தண்ணீரே தூக்கிக் கொடுத்த மாதிரி மெல்ல முன்னால் வந்தது. "ஏனுங்க, பாத்தீங்களா?" என்று கத்தினார் சரசக்கா.

அவர் பார்க்கவில்லை. பாய்லர் மேல் நெற்றியை முட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். "நீங்க பாத்துச் சொல்லுங் அம்மணி. எனக்குப் பயமா இருக்குது."

இப்போது சரசக்கா கைத்தடியோடு எங்கள் வாசல் வரைக்கும் நடந்து வந்து, தெரு நியாயம் அத்தனையும் பேசிவிட்டுப் போகிறார். அந்தப் பள்ளம் அதே கன்னிமூலையில்தான் இருக்கிறது. மாதம் தவறாமல் கிருத்திகைக்கு மருதமலை ஏறி, எங்கள் வீட்டு அர்ச்சனைக்குப் பிறகு தனியாக இன்னொரு தட்டு நீட்டுகிறேன். முதல் தடவை ஐயர் பேர் கேட்டார். தெரியாதே, "பாய்லர்காரர்" என்றேன். நட்சத்திரம் கேட்டார். அதுவும் தெரியாது. "அவர் ஊட்டுல தென்மேற்குல ஒரு பள்ளம் இருக்குதுங் சாமி, அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அவ்வளவுதான்" என்றேன். இப்போதெல்லாம் ஐயர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. தட்டை வாங்கும்போதே "பாய்லர்காரர்" என்று அவரே ஆரம்பித்துவிடுகிறார்.