காம்பஸ் அண்ணனின் முந்திரிக்காட்டு யாத்திரை

உலகத்தில் தொலைந்து போகவே முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் காம்பஸ் அண்ணன்தான். இதை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே சொல்லுவார்.

அறுபதுகளின் தொடக்கம். புது நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பல ஜில்லாக்காரர்களும் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியிருந்தோம். பிளாக்கைத் தாண்டினால் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. தபால் குமாஸ்தாவான அண்ணன் அரை டிராயர் மாட்டி, கழுத்தில் விசில் தொங்க, எங்களைக் குடும்பம் குடும்பமாக முந்திரிக்காட்டுக்கு ‘எக்ஸ்பெடிஷன்’ அழைத்துப் போவார். பெயர்தான் காம்பஸ், கையில் காம்பஸ் கிடையாது. “அது சந்தேகப் பிராணிகளுக்கு” என்பார்.

ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரில்லை. மண்ணைக் கிள்ளி மோந்து, “காலைல இப்படி ஒரு கீரி போயிருக்கு” என்பார். அந்தக் கீரியை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. முந்திரிக்கொட்டை ஏன் பழத்துக்கு வெளியே தொங்குகிறது என்று அவர் விளக்கிய பிறகுதான், அட, இதைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் தலைக்கு ஒரு கேள்வி அவரிடம் கேட்டால்தான் புளிசாதப் பொட்டலம் கைக்கு வரும். அவர் மட்டும் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். வழிகாட்டி வழி கேட்பது இழுக்காம்.

மேட்டில் ஏறினால் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சச மெஷினின் கை தெரியும். திரும்பும்போது அதை வலப்பக்கம் வைத்து நடப்பார். வீடு வந்துவிடும்.

அப்போது நான் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகாதவன். ஏற்கெனவே இரண்டு தடவை லேட். இன்னொரு லேட் என்றால் மூட்டையைக் கட்டு என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிறு எனக்கு மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட். “பன்னண்டுக்கே வீட்ல விட்டுடறேன் தம்பி” என்று அண்ணன் சொன்னதை நம்பிப் போனேன்.

திரும்பும் வழியில் ஓர் ஏரி வந்தது.

“காலைல இந்த ஏரி இல்லையேண்ணே?”

“இருந்துச்சு. நீ சரியா பாக்கல.”

அப்புறம் தறிச் சத்தம் கேட்டது. நெய்வேலியில் ஏது தறி? மணி ஒன்றாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“வேலை போயிடும்ணே.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அத்தனை குடும்பங்களும் பார்க்க, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய் நின்றார்.

“ஏம்மா, நெய்வேலிக்கு எப்படிப் போகணும்?”

“இன்னா சார், தறி ஓட்ற குறிஞ்சிப்பாடிக்கில்ல போய்க்கினு இருக்கீங்க!”

“மெஷின் வலப்பக்கம்தானே இருக்கு?”

“அத்த வெள்ளிக்கிழமையே அந்தாண்ட ஓட்டிக்கினு போய்ட்டாங்களே! எங்க வூட்டுக்காரரு அங்கதான் கான்ட்ராக்ட்ல இருக்காரு. அதோ ரோடு, பஸ்ஸு வர்ற நேரம், ஓடுங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் ஓடினார். நடுரோட்டில் நின்று விசில் ஊதி பஸ்ஸை மறித்தார். “யோவ், விசில் ஊத நான் இருக்கேன்யா!” என்று கண்டக்டர் கத்தினார். அதற்குள் அண்ணன் என்னை உள்ளே தள்ளிவிட்டார்.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னால் சுரங்கத்தின் கேட்டுக்குள் நுழைந்தேன். அடுத்த மாதமே பெர்மனென்ட் ஆனேன்.

வழி தவறியதற்கு மறு ஞாயிறு எக்ஸ்பெடிஷனுக்கு வேறு ஒருவரும் வரவில்லை. நான் போனபோது அண்ணன் மடியில் புளிசாதத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

“வழி கேட்ட ஆளோட வர்றியா தம்பி?”

“இன்னிக்கு ராத்திரி ஷிப்ட்தாண்ணே. நிதானமா தொலையலாம்” என்றேன்.

அன்றும் தொலைந்தோம். அவரோடு தொலைவது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.