வாத்தியார் அடித்த பலகை

தலையே போனாலும் 'வா' என்று மட்டும் மனைவியிடம் சொல்வதில்லை என்று ஆங்கில வாத்தியார் முடிவு செய்துவிட்டார். கால் பிசகிய தன் அக்காவைப் பார்த்துக்கொள்ள அவள் கிளம்பியபோது, "தாராளமா இரு. நான் என்ன கைக்குழந்தையா?" என்று வீராப்பாக வழியனுப்பியவர் அவர்தானே! அக்காவின் கால் இப்போது ஓடியாடுகிறது. மனைவிதான் அசையக் காணோம்.

அன்று வகுப்பில் 'போர்டு' என்ற சொல்.

"முதல்ல அதுக்குப் பலகைன்னு அர்த்தம். பலகையில மேஜை செஞ்சாங்க, மேஜைக்கும் அதே பேரு. மேஜையைச் சுத்தி உக்காந்து நிர்வாகம் பண்றவங்களுக்கும் அதே பேரு. மேஜை மேல வைக்கிற சாப்பாட்டுக்கும்..."

அங்கே வந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒன்றும் எழுதாத இடத்தை வெகுநேரம் அழித்தார்.

வீடு திரும்பும் வழியில் திட்டம் உதித்தது. கட்டிலுக்கடியில் ஒரு தேக்குப் பலகை கிடந்தது. சாமான் அடுக்க அடுப்படியில் அடித்துத் தரச் சொல்லி அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பலகை. வாத்தியாருக்கு ரம்பம் போடுவது பேச்சில்தான் பழக்கம். அவர் மரத்தில் கைவைக்கப் போகிறார் என்று கேட்டாலே போதும், அலறியடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள்!

போன் போட்டார்.

"உன் தேக்குப் பலகையை அறுக்கப் போறேன்."

"நெஜமாவா? அறுங்க, அறுங்க."

"கோணலாப் போயிட்டா?"

"பென்சிலால கோடு போட்டுக்குங்க."

"சுவத்தை இடிக்கணும். பாத்திரமெல்லாம் ஒரே தூசியாயிடும்."

"பழைய போர்வையைப் போட்டு மூடிடுங்க."

"சுத்தியல் கையில பட்டுச்சுன்னா?"

"ஆணியைக் குறடால பிடிச்சுக்கிட்டு அடிங்க. வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல."

இனி அடித்தே தீரவேண்டும். எந்த உயரத்தில்? சுவரைத் தடவிப் பார்த்தார். அவள் எக்கி நிற்கும்போது ஊன்றிக்கொள்ளும் இடத்தில், காய்ந்த மாவாக அவளுடைய விரல்தடம். அதன்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். பிறகு அதற்கு ஒரு விரற்கடை கீழே, தடம் அழியாமல், பலகையை அடித்தார். அதிசயம், கோணவில்லை. படம் எடுத்து அனுப்பினார்.

உடனே போன் வந்தது.

"என்னங்க, அசத்திட்டீங்க! அக்கா பாத்துட்டு வாயைப் பொளந்துட்டா. இவ அடுப்படிக்கும் பலகை வாங்கி வெச்சிருக்கு. ரம்பத்தை எடுத்துக்கிட்டு நீங்களே வந்துடுங்களேன்."

வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கூப்பிட்டுவிட்டாள்! அவளாகவே! பள்ளிக்கு லீவு சொன்னார். சவரம் செய்தார். அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு ரம்பத்தோடு பஸ் ஏறினார்.

அக்கா வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். தோளில் பை.

"எங்க கிளம்பிட்ட?"

"நம்ம வீட்டுக்குத்தான். புதுப் பலகையில சாமானெல்லாம் எடுத்து அடுக்க வேண்டாமா? எனக்குக் கை பரபரங்குது."

"அப்ப நானும்..."

"நீங்க எங்க வர்றது? அக்காவுக்கு அடிச்சுக் கொடுத்துட்டு வாங்க. நீலச் சட்டையோட ரம்பம் பிடிக்காதீங்க, பாழாயிடும்."

"வாங்க தம்பி," என்று அக்கா உள்ளேயிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தாள். "அடுப்படி முடிஞ்சதும் மாடியில ரெண்டு ரூமு இருக்கு."

வாத்தியார் ஏங்கியது போலவே மனைவி தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர்தான் அங்கே இல்லை.