பதினைந்துக்கு இரண்டு

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
தை மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பும் பாசமும் ஒருசேர மிகுந்த மைத்துனர் திரு. கோவிந்தராசு அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயத்தின் கணவன் கலியமூர்த்தி வணக்கம் பல சொல்லி எழுதிக்கொண்ட கடிதம். இங்கு நானும் ஜெயமும் சுகம். மகள் சுமலதா பெங்களூரில் சுகம். வண்டி மட்டும் சுகமில்லை. பாரிசில் தங்கள் சுகத்தையும், அக்காவின் முழங்கால் சுகத்தையும், அங்கே பனி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனிதன் எதற்காகத் தபால்தலை ஒட்டுகிறான் என்று தாங்கள் திகைப்பது தெரிகிறது மச்சான். போனில் பேசினால் ஜெயத்துக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் படித்து முடித்துவிடுவாள். ஆகவே தபால். விஷயம் இதுதான்: மாசி மகத்துக்குத் தாங்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவில் இன்னொரு பிஸ்டன் வைத்துக் கொண்டு வர வேண்டும். கடிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். இந்தப் பிஸ்டன் வந்தால்தான் வண்டி என் வீட்டில் இருக்கும்.

முதல் பிஸ்டன் வந்த கதையை நான் இன்னும் மறக்கவில்லை, தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். "மச்சான், எனக்கு அங்கேருந்து நல்ல பிஸ்டன் ஒண்ணு வேணும், கொஞ்சம் ஒசரமா இருக்கணும்" என்று போனில் கேட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் சிபாரிசுக்கும் பிஸ்தோன் என்றே சொல்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? உயரத்தில் உள்ள ஆளாகப் பிடித்துச் சிபாரிசு கேட்கிறேன் என்று நினைத்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் தங்களுக்கு மேலதிகாரியாக இருந்த பெரியவர் வீட்டுக்கு ஒயின் பாட்டிலோடு போய் நின்றீர்கள். அவரும் நல்ல மனிதர், அறுபது வயதில் இந்த ஆளுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டாராம். அதற்குள் இங்கே செய்தி பரவி, எதிர்வீட்டு மண்ணாங்கட்டி வந்து, "நீங்க பிரான்சுக்குப் போயிட்டா வீட்ட எங்களுக்கே வாடகைக்கு வுட்டுடுங்க" என்று கூடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் சமையலறைக்குள்ளும் போய் எட்டிப் பார்த்ததில் ஜெயத்துக்குக் கோபம்.

அது போகட்டும். இனி எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன். எழுதும்போதே கை பரபரக்கிறது மச்சான். புள்ளியியல் துறையில் முப்பது வருஷம் மற்றவர்கள் விளைவித்த நெல்லுக்குச் சராசரி போட்ட எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக ஒரு கணக்குப் போட வாய்ப்புக் கிடைத்தது இந்த வண்டியால்தான். பழைய முந்நூற்றைம்பது சி.சி. இரும்பு வண்டி. அதைத் தெருவில் ஓட்டும்படியாகவும் வேண்டும், முறுக்கினால் பாயும்படியாகவும் வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது கம்ப்ரஷன் விகிதம். பிஸ்டன் அடியில் இருக்கும்போது மேலே உள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்குப் போன பிறகு மிஞ்சுகிற இடத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பிஸ்டன் உயரமானால் மிஞ்சுகிற இடம் சுருங்கி இந்த எண் கூடும், எண் கூடினால் இழுப்பு கூடும். அளவுக்கு மேல் கூடினால் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே உள்ளே வெடித்து பிஸ்டனை உதைக்கும். மிஞ்சுகிற இடத்தை அளக்க ஊசி போடுகிற சிரிஞ்சால் எண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும். மருந்துக்கடைப் பெண்ணிடம் பெரிய சிரிஞ்சாகக் கேட்டேன். "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?" என்றாள். "வண்டிக்கும்மா" என்றேன். உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எண்ணெய் வழியாமல் மேலே மூடுவதற்குத் தங்கள் மகளின் கல்யாண சி.டி. இருந்த டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டேன். சி.டி. பத்திரமாக இருக்கிறது.

அளந்தேன், வகுத்தேன், மறுபடி அளந்தேன். இரும்பு எஞ்சின், காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. நம் ஊர் வெயில், பங்க்கில் ஊற்றுகிற பெட்ரோல், நேரு வீதியில் ஆமை வேகம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கம்பெனி கொடுத்த ஆறரையை விட்டு ஏறலாம், ஆனால் எட்டைத் தாண்டினால் ஆபத்து. ஆகப் பாதுகாப்பான, அதே சமயம் பாய்கிற விகிதம் ஒன்றே ஒன்றுதான். சந்தோஷத்தில் கூடத்திலிருந்தே கத்திவிட்டேன். "ஜெயம்! கண்டுபிடிச்சிட்டேன்! ஏழரை!"

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. வெளியே வந்து நின்றாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள நின்னு என்னா வார்த்த சொல்றீங்க? உங்க ராசிக்கு ஏற்கெனவே ஒரு ஏழரை ஓடிக்கிட்டு இருக்கு. காசு குடுத்து இன்னொண்ணு வாங்கி வண்டிக்குள்ள வேற வைக்கணுமா?" விகிதம் வேறு சனீஸ்வரன் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். "ஊருல யாரு எதுக்கு ஏழரையக் கூட்டுனாலும் சண்டதான் வரும்" என்றாள். சரி, தமிழில் சொன்னால்தானே தகராறு, தாங்கள் பேசுகிற பாஷையிலேயே சொல்லிக்கொள்வோம் என்று அகராதியைப் புரட்டி உச்சரித்துக் காட்டினேன்: "செத்தே துமி." அவள் முகம் வெளிறிப்போய், "யாரு செத்தா?" என்றாள். பிரெஞ்சுக்காரர்கள் ஏழரைக்கு வேறு நல்ல சொல்லாக வைத்திருக்கலாம், தாங்கள் அங்கே யாரிடமாவது எடுத்துச் சொல்லுங்கள்.

அதன் பிறகு வீட்டில் ஏலம் நடந்தது. எட்டு என்றேன், அஷ்டமத்துச் சனி என்றாள். எட்டரை என்றேன், எட்டைத் தாண்டித்தானே அரைக்குப் போக வேண்டும் என்றாள். ஒன்பது என்றேன், நவக்கிரகம் மொத்தத்தையும் உள்ளே உட்கார வைக்கிறீர்களா என்றாள். பத்து என்றதும் முகம் தெளிந்தது. "அது பொருத்தம். பத்துப் பொருத்தமும் இருந்துதான நமக்குக் கல்யாணம் பண்ணாங்க." முதலியார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கொளஞ்சியிடம் போய்ப் பத்து தாங்குமா என்று கேட்டேன். எதைக் கேட்டாலும் தாங்கும் என்று சொல்கிற ஆள் அவன். "பத்துன்னு கேட்டா கடக்காரன் ஒம்பதரைதான் சார் குடுப்பான். பத்தரைன்னு கேளுங்க, பத்து வரும்" என்றான். நானும் தங்களுக்குப் பத்தரை என்று எழுதினேன். பிரான்சுக்காரன் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டான்.

பத்தரையைப் பூட்டிய அன்று முதல் உதையில் கிக்கர் என்னைத் திருப்பி உதைத்தது. என் வலது செருப்பு மண்ணாங்கட்டி வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. ஆகா மச்சான், அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வேன்! லாஸ்பேட்டை ஏர்போர்ட் சாலையில் விட்டேன் பாருங்கள், கல்லூரிப் பையன்கள் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள். அறுபது வயதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தப் பதவி உயர்வு உத்தரவிலும் வந்ததில்லை. ஆனால் மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் கொக்கு பார்க் அருகே வரும்போது, தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். சிக்னலில் நின்ற போலீஸ்காரர், "உள்ள சில்லற கொட்டி வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். கொளஞ்சிக்குப் போன் செய்தேன். "அது பவர் சத்தம் சார், அனுபவிங்க" என்றான். பவர் இல்லை மச்சான், பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கிற சத்தம் அது. தொடர்ந்து விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். இது என் கணக்கிலேயே இருந்தது, நான்தான் கணக்கை விட்டுவிட்டு ஏலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஜெயம் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் லாஸ்பேட்டை பள்ளியில் கணக்கு டீச்சர், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாள், அதுவரை வகுப்பில் குண்டூசி விழுந்தாலும் கேட்க வேண்டும் அவளுக்கு. நல்லது செய்கிறேன் என்று உச்சி வெயிலில் டப்பாவோடு போய்ப் பள்ளி வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பி எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. சாவி என் கையில், வண்டி பாட்டுக்கு டங்கு டங்கு என்று குதித்துக்கொண்டு ஓடுகிறது. உள்ளே சூடு ஏறிப்போய், மின்பொறி இல்லாமலே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்கிறதாம். பிள்ளைகள் எல்லாம் சன்னலுக்கு வந்துவிட்டார்கள். "டீச்சர், உங்க வீட்டு சாரோட வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கு!" என்று ஒரு வாண்டு கத்தினான். வாசலில் கொய்யா விற்கிற அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். நான் சாவியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, "ஆஃப் பண்ணிட்டேன், ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கொளஞ்சி போனில், "கியர போட்டு, பிரேக்க அமுக்கிக்கிட்டு, கிளட்ச வுடுங்க சார்" என்றான். வண்டி ஒரு முறை துள்ளி நின்றது. தலைமையாசிரியர் அறையிலிருந்து ஜெயம் வந்து, டப்பாவை வாங்கிக்கொண்டு நேராக வகுப்புக்குப் போனாள்.

பேசினது சாயந்தரம்தான். "இன்னொரு தடவ இது நடுரோட்டுல நின்னாலும் சரி, நிக்க வேண்டிய எடத்துல நிக்காமப் போனாலும் சரி, மறுநாள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போவும்." சொன்னால் செய்கிறவள் என்பது தங்களுக்குத் தெரியாதா? அவளுக்கு அந்த வண்டிமேல் என்றைக்குமே பிடிப்பு கிடையாது. அவளுக்கென்று ஸ்கூட்டர் இருக்கிறது, என் வண்டியில் இன்றுவரை ஒரு தடவைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது வேறு விஷயம். இப்போது வண்டியை வெளியே எடுக்கவே பயந்து சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஆகையால் மச்சான், வேகம் போதும், பாதுகாப்பே பெரிது என்று நான் திருந்திவிட்டேன். பத்தரை வேண்டாம். அந்த எண்ணே வேண்டும், அன்றொரு வெள்ளிக்கிழமை நான் கத்தின எண். ஆனால் ஜெயம் காதில் அந்த வார்த்தை விழக் கூடாது, பெட்டியிலும் இருக்கக் கூடாது. இரண்டு நாள் யோசித்ததில் பளிச்சென்று வழி தோன்றிவிட்டது! விகிதம் என்பது விகிதம்தானே, இரண்டு பக்கத்தையும் இரண்டால் பெருக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? கடைக்காரரிடம் பதினைந்துக்கு இரண்டு என்று சொல்லி, லேத்தில் கடைந்து வாங்குங்கள். அவர் விழித்தால் வகுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியின் மேலும் அதையே எழுதச் சொல்லுங்கள். பதினைந்தில் எந்தக் கிரகமும் இல்லை, இரண்டிலும் இல்லை, பஞ்சாங்கம் முழுக்கப் பார்த்துவிட்டேன். இதை நினைத்து நேற்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன் என்றால் தாங்கள் சிரிப்பீர்கள்.

தங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மணக்குள விநாயகர் எல்லா நலமும் தரட்டும். பனியில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போங்கள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் தங்களை எதிர்பார்த்து நிற்பேன். வண்டியோடு நிற்பேனா வெறும் காலோடு நிற்பேனா என்பது தங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள மைத்துனன்
கலியமூர்த்தி

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. எழுதி முடிக்கச் சனிக்கிழமை இரவாகிவிட்டது, ஞாயிறன்று தபால் எடுக்க மாட்டார்கள் என்று இந்தக் கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்தேன். ஜெயம் காலையில் முதலில் கையில் எடுப்பதே பஞ்சாங்கம்தான் என்பது என் புத்திக்கு உறைக்கவில்லை. ஆறு மணிக்கு என்னை எழுப்பினாள். "கணக்கு டீச்சர்கிட்டயே கணக்கு காட்றீங்களா? பதினஞ்ச ரெண்டால வகுத்தா என்னா வரும்னு ஆறாங்கிளாஸ் புள்ள சொல்லும்." நான் போர்வைக்குள்ளேயே இருந்தேன். அதற்கு மேல் திட்ட அவளுக்கு நேரமில்லை, பள்ளியில் பரீட்சை. வெளியே போனவள் திரும்பி வந்தாள். ஸ்கூட்டர் கிளம்பவில்லை, ஆட்டோவும் கிடைக்கவில்லை. சாக்கு மூடியிருந்த வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எடுங்க" என்றாள். "ஜெயம், உள்ள பத்தரை இருக்கு" என்றேன். "எடுங்கன்னு சொன்னேன்."

காலைக் குளிரில் கோலிக்குண்டுச் சத்தம் துளியும் இல்லை மச்சான்! ஏர்போர்ட் சாலை காலியாக இருந்தது. பின்னாலிருந்து காதருகே, "இன்னும் கொஞ்சம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் மெதுவாவா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் வேகமாங்க!" என்றாள். பள்ளி வாசலில் சாவியைத் திருப்பினேன், வண்டி சமத்தாக நின்றது. இறங்கிக் கொண்டையைச் சரிசெய்துகொண்டே, "பத்தரையே இருக்கட்டும். வெயில் ஏறதுக்குள்ள தெனம் என்னக் கொண்டாந்து வுட்டுடுங்க, பகல்ல தொடாதீங்க" என்று உத்தரவு போட்டாள். ஆகவே மேலே நான் எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்த வேண்டாம், பிஸ்டன் வேண்டாம். அதற்குப் பதிலாகப் பின் சீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கொண்டு வரச் சொன்னாள். இதை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றாள், எழுதிவிட்டேன். ஆனால் மச்சான், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் தோளைக் கருவடிக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டை வரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது இன்றைக்குத்தான். கைப்பிடி கடையில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.