கன்ட்ரோல் பாத்தி

ஐந்தாவது வாரமும் எதுவும் ஊற்றாத பாத்திகள்தான் செழித்திருந்தன.

அக்சா டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடியும் விரித்து அளந்தாள். கத்தரிச்செடிகள் மனம் மாறவில்லை.

தோல் கழிவிலிருந்து ஒரு சத்துக் கரைசல். பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்று வருடம் அதைக் காய்ச்சி வடித்ததில் அவள் மூக்குக்கு இப்போது எந்த வாடையும் தெரிவதில்லை. திமிரியில் துரைசாமியின் நிலத்தில் பத்துப் பாத்தி. வலப்பக்க ஐந்துக்குக் கரைசல் உண்டு. இடப்பக்க ஐந்து வெறுமனே ஒப்பிட்டுப் பார்க்க. அவற்றில் 'கன்ட்ரோல்' என்று பலகை நட்டிருந்தாள். கரைசலை வாராவாரம் கேனிலிருந்து எடுத்து வாளியில் வைப்பது துரைசாமியின் மனைவி முத்துமாரி. ஊற்றுவது துரைசாமி.

பத்தாவது வாரம் ஆய்வுக்குழு வருகிறது. கரைசல் தோற்றால் அவளுடைய பிஎச்.டி. பதிவை நீட்டிக்க மாட்டார்கள்.

"அண்ணா, இந்தப் பக்கம் இன்னா ஊத்துனீங்க?"

"நீ குடுத்த மருந்துதான், பாப்பா."

"இதுக்கு ஊத்தவே கூடாது. கன்ட்ரோல்னு எழுதியிருக்கேனே."

"அதான். பூச்சி கன்ட்ரோல். மருந்துக்கடையிலயும் அப்டித்தான எழுதியிருக்கான்."

அக்சாவுக்கு அழுகை வரவில்லை, நிம்மதி வந்தது. கரைசல் வேலை செய்கிறது, பலகைதான் தப்பு. அவர் பழகிய பக்கமே ஊற்றட்டும் என்று, அவரிடம் சொல்லாமல் பலகைகளைப் பிடுங்கி வலப்பக்கம் நட்டுவிட்டு ஆற்காடு பஸ்ஸைப் பிடித்தாள்.

அடுத்த வாரம் வலப்பக்கம் ஈரமாக இருந்தது.

"எடத்த ஏண்ணா மாத்துனீங்க?"

"நான் எங்க மாத்துனேன்? பலகை போன எடத்துக்கு நானும் போனேன்."

சரி, முதலில் போட்ட திட்டப்படியே வலப்பக்கம் ஊற்றட்டும் என்று விட்டாள். இனி ஆங்கிலமே ஆகாது. இடப்பக்கத்தில் நல்ல தமிழில் 'வேண்டாம்' என்று எழுதி வைத்தாள்.

எட்டாவது வாரம் இடப்பக்கச் செடிகள் தலை தொங்கி நின்றன. இரண்டு காய்ந்தே போயிருந்தன.

"தண்ணி பாய்ச்சலையா?"

"வேண்டாம்னு நீதான எழுதி வெச்ச. எது வேண்டாம்னு எழுதலியே."

அன்று மாலை வரை அக்சா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். துரைசாமி வரப்பில் நின்று, "படிச்ச பொண்ணு, நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார்.

பத்தாவது வாரம் அவளுடைய வழிகாட்டி ஜெயசீலனும் புள்ளியியல் பேராசிரியை கௌசரும் வந்து இறங்கினார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்து அக்சா நோட்டை நீட்டினாள். கௌசர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"மொத அஞ்சு வாரம் இடப்பக்கம் ஊத்தியிருக்கு, அது வளந்திருக்கு. அடுத்த அஞ்சு வாரம் வலப்பக்கம், அது வளந்திருக்கு. பாதியில பக்கத்த மாத்தறது யார் யோசனை?"

அக்சா வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலன், "நான்தான் சொன்னேன், மேடம்," என்றார்.

"பிரமாதம். ஊத்துன பக்கமெல்லாம் வளந்திருக்கு. இதவிட இன்னா ஆதாரம் வேணும்? பதிவை நீட்டிச்சிடலாம்."

துரைசாமியும் தன் பங்குக்குத் தலையசைத்தார்.

கௌசர் கேனைத் திறந்து முகர்ந்தார். "நான் ஆம்பூர்க்காரி. தோல் கழிவு வாடை எனக்குத் தெரியாதா? இதுல கொஞ்சங்கூட இல்ல. எப்டி எடுத்தே?"

அக்சாவும் கேனை வாங்கி முகர்ந்து பார்த்தாள். டீ கொண்டு வந்த முத்துமாரிதான் பதில் சொன்னாள்.

"அதுவா, மொத நாளே கொமட்டுச்சும்மா. எல்லாத்தையும் வேலியோரம் கவுத்துக் கழுவிட்டேன். பொண்ணு மனசு நோவக்கூடாதேன்னு வாராவாரம் அரிசி கழுவுன தண்ணிதான் ரொப்பி வெக்கிறேன். அத கொட்டுன எடத்துல இன்னும் புல்லுகூட மொளைக்கல."