கிள்ளிப் பார்க்காத சுரைக்காய்

பயப்படுவதற்கு எனக்குக் காரணமே வேண்டாம். மழை வந்தால் வீடு ஒழுகுமோ என்று பயப்படுவேன். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பயப்படுவேன். எட்டாம் வகுப்போடு நின்றதும் ஒன்பதாம் வகுப்பை நினைத்துப் பயந்துதான். (வீட்டில் கணக்கு வாத்தியாரைக் காரணம் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.)

இருபத்தாறு வயதில் எனக்கு வத்தலக்குண்டில் பெண் பேசினார்கள். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடங்கள் என் திருதிரு முழியைப் பார்த்தே கைகழுவியிருந்தன. இதுவும் போனால் வேறு இடம் தேடப் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

விருந்துக்கு நெய்ச்சோறும், அதில் ஊற்றிக்கொள்ளப் பருப்புத் தால்சாவும் என்று முடிவாயிற்று. தால்சாவுக்குச் சுரைக்காய்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அந்த வாரம் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் சொல்லியிருந்தார்: தையல்காரர் ஒருவர் வீட்டு விருந்தில் நபிகள் நாயகம் ரசூலுல்லாஹ் தட்டில் சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டார்களாம். பக்கத்திலிருந்த தோழர் துண்டுகளை அவர்கள் பக்கம் தள்ளி வைத்தாராம். மீன் வயிற்றிலிருந்து கரையேறிய யூனுஸ் நபிக்கு நிழல் தந்ததும் சுரைக்கொடிதானாம். இவ்வளவு அருளும் பரக்கத்தும் உள்ள காய் எனக்கு ஒரு பெண்ணைத் தராதா?

சம்பந்தம் கூடிவர வேண்டும் என்று அம்மா அந்த ஞாயிறு நோன்பு. எனவே ருசி பார்க்கும் வேலை என்னுடையது.

"நறுக்கும்போது கிள்ளி வாயில போட்டுப் பாருப்பா. செலது கசக்கும்."

ரசூலுல்லாஹ் விரும்பிய காயை நான் சோதிப்பதா? மறுமையில் கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

"பாத்துட்டேம்மா" என்றேன். (பொய்க்கும் அங்கே கேள்வி உண்டு என்பது நினைவுக்கு வரவில்லை.)

ஒரே சஹன் தட்டைச் சுற்றி மாஸ்டர், அவர் தம்பி, என் அத்தா, நான். பயானில் கேட்டபடியே சுரைக்காய்த் துண்டுகளைப் பொறுக்கி மாஸ்டர் பக்கம் தள்ளினேன். அவர் ஒன்றை வாயில் போட்டார். தாடை நின்றுவிட்டது. அவர் தம்பிக்கு ஒரு கண் தானாக மூடியது. அத்தா தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அடுத்த துண்டை எடுக்கவில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று பதறி, இன்னும் நாலு துண்டு தள்ளினேன்.

"தம்பி, நீங்க ருசி பாத்தீகளா?" என்றார் மாஸ்டர்.

"நல்லாருக்கு மாமு."

"அப்ப இதச் சாப்புடுங்க."

மென்றேன். ஒரு வேப்பமரத்தையே மென்ற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வழிய, "ரொம்ப நல்லாருக்கு மாமு. ரசூலுல்லாஹ் விரும்புன காய்" என்றேன்.

"அவுக விரும்புனது சுரைக்காய. இது மருந்து. யாரும் தொடாதீக, வயித்தப் பொரட்டிரும்." பிறகு சற்று இறங்கிய குரலில், "எந்தச் சாப்பாட்டையும் அவுக கொற சொன்னதில்ல தம்பி. புடிச்சாச் சாப்புடுவாக, புடிக்கலேன்னா விட்ருவாக. விடலாம், தப்பில்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "கிள்ளிப் பாத்தேன்னு சொன்னியேடா" என்றார். நான் தட்டைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அண்ணே, கெளம்புவமா?" என்று தம்பிக்காரர் எழுந்தேவிட்டார். மூன்றாவது இடமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்தார். "உக்காருலே. இம்புட்டுக் கசப்பையும் நல்லாருக்குன்னு சொல்ற மாப்ள, நம்ம புள்ள சமையலையா கொற சொல்லப் போறாரு? தேதியப் பாருங்க."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது கல்யாணமான மறுவாரம் அவள் வைத்த முதல் சாம்பாரில் விளங்கிற்று. இன்றுவரை நான் குறை சொன்னதில்லை.

இப்போதும் மாமனார் வீட்டு விசேஷங்களில் தால்சா அண்டாவை இறக்கியதும், "மாப்ளயக் கூப்புடு" என்று குரல் வரும். முதல் சுரைக்காய்த் துண்டு எனக்குத்தான். நான் மென்று விழுங்கி, ஐந்து நிமிஷம் நல்லபடியாக நின்ற பிறகுதான் மற்றவர்களைப் பந்திக்கு அழைப்பார்கள்.