ஸ்டெனோ சார் தேடிய குட்டை நாற்காலி

ஒரு மேஜையை ஸ்டெனோ சார் இம்சைப்படுத்தியதுபோல இந்த உலகத்தில் வேறு யாரும் இம்சைப்படுத்தியிருக்க முடியாது. கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு அடுத்த வீடு. பாரீஸ் கார்னரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் சுருக்கெழுத்து எழுதி டைப் அடிப்பவர், நான் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. தபால்காரரே "ஸ்டெனோ சார்" என்றுதான் கூப்பிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், வீட்டு முன்னறையை ஆபீஸாக மாற்றப்போவதாகச் சொன்னார். ஒரு டைப் மேஜை, இரண்டு நாற்காலி வேண்டுமாம். அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலில் திரும்பும்போதெல்லாம் பல்லாவரத்தில் இறங்கிச் சந்தைக்குப் போவோம். கன்டோன்மென்ட் வீடுகளில் கழித்துக்கட்டிய பழைய சாமான்கள் அங்கே குவிந்து கிடக்கும்.

மேஜை முன்னால் உட்காருவார். கண்களை இறுக மூடிக்கொள்வார். இல்லாத டைப்ரைட்டரில் ஒரு முழுக் கடிதம் அடிப்பார். முழங்காலால் அடிப்பலகையை இடித்துப் பார்ப்பார், விளிம்பெல்லாம் தடவுவார். கடைசியில் அரை அங்குலம் உயரம் என்று எழுந்துவிடுவார்.

சாமான் விற்கிறவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "இன்னா சார், கண்ண மூடிகினு மேஜை பாக்கற?"

"தொட்டுப் பாக்கறேன்ப்பா" என்றார் ஸ்டெனோ சார்.

இரண்டாவது நாற்காலிதான் பெரும் பாடு. கடிதம் படித்துச் சொல்கிறவர் உட்காருவதற்காம் அது. கைப்பிடி வேண்டும், சாய்மானம் வேண்டும், ஆனால் குட்டையாக இருக்க வேண்டும். உங்கள் வீடு தேடி எந்தக் குள்ள ஆபீசர் வரப்போகிறார் என்று நான் கேலி செய்தேன். அவர் அடுத்த நாற்காலியின் உயரத்தைச் சாணால் அளக்கப் போய்விட்டார்.

ஏழாவது வாரமோ எட்டாவதோ. அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டுதான் நடந்தார். நேராகப் போய் ஒரு கண்ணாடி பீரோவில் இடித்துக்கொண்டு, உள்ளே தெரிந்த ஆளிடம் "மன்னிச்சுக்கோங்க சார்" என்றார். நானும் கடைக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

டீக்கடையில் சொன்னார். கண் நரம்பு செத்துக்கொண்டே வருகிறதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். மிஞ்சிப் போனால் ஆறு மாதம். டைப் அடிக்க விரல் போதும்; அடிக்க வேண்டியதை மட்டும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். குட்டை நாற்காலி அவர் மனைவி மேரி டீச்சருக்கு.

"டீச்சருக்குத் தெரியுமா சார்?"

"நாற்காலி கெடைச்சதும் சொல்லலாம்னு இருக்கேன்."

டீ ஆறிப்போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியை நானே தேடிக் கண்டுபிடித்தேன். மேஜையும் அமைந்தது. வீட்டில் இறக்கியதும் டீச்சர் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. அப்போதுதான் ஸ்டெனோ சார் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"சந்தையில இருக்கற மரத்துகிட்டல்லாம் சொல்லியிருக்கீங்க. என்கிட்ட சொல்லத் தோணல."

அதன்பிறகு அந்த நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குள் பேச்சும் குறைந்துவிட்டது.

ஆறு மாதம் என்ற பார்வை நாலு மாதத்தில் முடிந்தது. ஸ்டெனோ சார் முன்னறை மேஜையில் முதலில் அடித்தது அவருடைய ராஜினாமாக் கடிதத்தைத்தான். நான் வாங்கிப் போகக் காத்திருந்தேன். பிழை இருக்கிறதா என்று பார்க்கும்படி உள்பக்கம் திரும்பி டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் வந்தார். துணியை எடுத்துக் கட்டிலில் போட்டார், உட்கார்ந்தார், வகுப்பில் படிக்கிற குரலில் நாலு வரியையும் படித்தார். ஒரு பிழையும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

கடிதத்தை வாங்கிய மேனேஜர், இவ்வளவு சுத்தமாக யார் அடித்தது என்று கேட்டார். அவரேதான் என்றேன். மேனேஜர் வெகுநேரம் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. மறுநாளே டைப் அடிக்க வேண்டிய கடிதக்கட்டு ஒன்று என் கையில் தாம்பரத்துக்கு வந்தது.

பிறகு எத்தனையோ வருஷம் டீச்சர் படித்தார், அவர் அடித்தார். பத்திரிகைக்கு நான் அனுப்பிய முதல் கட்டுரைகளும் அவர் அடித்தவைதான். நான் படிக்கும்போது எந்த வாக்கியம் பொய்யோ, அங்கே அவர் விரல் நின்றுவிடும்.

அவர் போய் வெகுநாளாகிவிட்டது. இதை அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன், அவர் விரல்களுக்கு வசதியாக, மெதுவாக.